துரத்தப்பட்டவர் திரும்பும்வரை எல்லையைத் தொடாதீர்

உள்நாட்டுப் போர் நடக்கும்போது மாநில எல்லைகளை மாற்றலாமா? தெற்கு சூடானில் இந்தக் கேள்விக்கு மக்கள் உயிரை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள்.

2015 ஆகஸ்டில் கையெழுத்தான அமைதி உடன்பாடு, நாட்டில் 10 மாநிலங்கள் என்ற கணக்கில்தான் அதிகாரப் பங்கீட்டை வகுத்தது. அக்டோபரிலேயே அதிபர் சல்வா கீர் ஓர் ஆணையால் பத்தை 28 ஆக்கினார். 2017 ஜனவரியில் அது 32 ஆனது. ஆட்சியை மக்களுக்கு அருகில் கொண்டுபோகிறோம் என்றது அரசு. கூட்டாட்சி என்பது நாட்டின் தெற்கிலுள்ள ஈக்குவடோரியா மக்களின் நெடுநாள் கோரிக்கை. அதில் முழு நியாயம் இருக்கிறது. ஆனால் புதிய மாநிலங்களுக்கு ஆளுநர்களை நியமித்தவர் அதிபரே. அதிகாரம் தலைநகர் ஜூபாவிலேயே தங்கிவிட்டது.

மலக்கால் நகரைப் பாருங்கள். வெள்ளை நைலின் கிழக்குக் கரையில் உள்ள இந்நகருக்கு ஷில்லுக் இன மக்களும் பதாங் டிங்கா இன மக்களும் உரிமை கோருகிறார்கள். ஆணை அதைக் கிழக்கு நைல் மாநிலத்தில் சேர்த்து டிங்காக்கள் கையில் கொடுத்தது. ஷில்லுக் மக்களுக்கு மேற்குக் கரை. அப்போது நகரைவிட்டு ஓடிவந்த ஷில்லுக் குடும்பங்கள் ஐ.நா. முகாமில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. 2016 பிப்ரவரியில் புதிய மாநில நிர்வாகம் ஷில்லுக், நூயர் இன ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கியது. அதே மாதம் 17, 18 தேதிகளில் அந்த முகாமே தாக்கப்பட்டது. குறைந்தது 25 பேர் மாண்டார்கள். குடிசைகள் வரிசை வரிசையாக எரிந்தன. மருத்துவக் கூடமும் தப்பவில்லை.

2020 பிப்ரவரியில் மாநிலங்கள் மறுபடி பத்தாயின. கூடவே ருவெங், பிபோர், அப்யே என மூன்று நிர்வாகப் பகுதிகள். எண்ணெய் வயல்கள் நிறைந்த ருவெங் இப்படித் தனியே நின்றுவிட்டது. ஆணையை ஒரே நாளில் திரும்பப் பெறலாம். அதன் பேரால் பறிபோன நிலத்தையும் வேலையையும் அப்படித் திருப்பித் தந்துவிட முடியாது.

எல்லைகள் மாறவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. சிறிய இனங்களுக்குத் தனி நிர்வாகம் தேவைப்படலாம். ஆனால் முடிவு செய்ய வேண்டிய மக்கள் அகதிகளாகச் சிதறிக் கிடக்கையில் வரையும் எல்லை, துப்பாக்கி பிடித்திருப்பவனுக்கு எழுதிக்கொடுக்கும் பட்டாதான். முதலில் போர் நிற்க வேண்டும்; துரத்தப்பட்டவர்கள் ஊர் திரும்ப வேண்டும்; இரு கரை மக்களும் ஒரே அவையில் உட்கார்ந்து பேச வேண்டும். அதன்பிறகு எல்லையைப் பற்றிப் பேசலாம். தேர்தலைத் தள்ளித் தள்ளி வைத்திருக்கும் ஜூபா அரசு நாளை தொகுதிகளைப் பிரிக்கும்போதும் இந்த வரிசையை மீறக்கூடாது.