காணாமல் போன 14,315 ஓட்டுகள்

ஒரு நீதிபதி வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்பதை நம்மால் கற்பனை செய்ய முடியாது. இங்கே நீதிபதிகளைப் பரிந்துரைப்பவர்கள் நீதிபதிகளே. அதிலுள்ள கோளாறுகள் வேறு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏழு பேரும் மக்கள் ஓட்டில் வருபவர்கள். பதவிக்காலம் பத்து ஆண்டு. வாக்குச்சீட்டில் கட்சிப் பெயர் கிடையாது. ஆனால் யாருக்குப் பின்னால் எந்தக் கட்சி என்பது ஊருக்கே தெரியும்.

2011 ஏப்ரல் 5-ல் அங்கு நடந்த தேர்தலில் சுமார் 15 லட்சம் பேர் ஓட்டளித்தனர். அரசு ஊழியர் சங்கங்களின் உரிமையைப் பறிக்கும் சட்டத்தால் மாநிலமே கொதித்துக் கொண்டிருந்த நேரம். பதவியிலிருந்த டேவிட் பிராஸரைவிட அவரை எதிர்த்த ஜோஆன் க்ளோப்பன்பர்க் 204 ஓட்டு அதிகம் பெற்றதாக மறுநாள் கணக்கு வந்தது. அவர் வெற்றியும் அறிவித்துவிட்டார்.

அதற்கடுத்த நாள், வாக்கேஷா மாவட்டத் தேர்தல் அதிகாரி கேத்தி நிக்கலஸ் நிருபர்களைக் கூட்டினார். ப்ரூக்ஃபீல்ட் நகரின் ஓட்டுகளைத் தன் கணினியில் பதிவு செய்தும் சேமிக்கத் தவறிவிட்டாராம். செய்தி நிறுவனத்துக்குத் தந்த கணக்கில் ஒரு நகரமே இல்லை! விடுபட்டவை 14,315 ஓட்டுகள். அவற்றில் பிராஸருக்கு 10,859, எதிராளிக்கு 3,456. ஒரே பேட்டியில் முடிவு தலைகீழானது.

நிக்கலஸ் குடியரசுக் கட்சி சார்பில் தேர்தலில் வென்று பதவிக்கு வந்தவர். பிராஸர் அதே கட்சியின் சட்டமன்றத் தலைவராக இருந்த காலத்தில் அக்கட்சியின் சட்டமன்றக் குழு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். தேர்தல் கணக்கை அலுவலகத்தின் தனிக் கணினியில் பூட்டி வைப்பது சரியல்ல என்று முந்தைய ஆண்டே மாவட்டத்தில் குரல் எழுந்தது. அவர் அசையவில்லை. பிறகு எதிர்த்தரப்பு சந்தேகப்படாமல் என்ன செய்யும்?

ஆனால் இது மோசடி அல்ல என்றே நினைக்கிறேன். ப்ரூக்ஃபீல்டின் எண்ணிக்கையைத் தேர்தல் இரவிலேயே உள்ளூர்ச் செய்தித் தளம் ஒன்று வெளியிட்டிருந்தது. ஓட்டுகள் எங்கும் போகவில்லை. கூட்டல் தாளில்தான் ஏறவில்லை. நிக்கலஸ் அன்றிரவே ஊர்வாரிக் கணக்கை வெளியே ஒட்டியிருந்தால், எந்த நிருபரும் பத்து நிமிடத்தில் ஓட்டையைக் கண்டுபிடித்திருப்பார். நம் ஊரில் எத்தனை ஓட்டுப் பதிவானது என்று 17-சி படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணும் மேசையருகே மல்லுக்கு நிற்கும் கட்சி ஏஜெண்டுகளை நாம் கேலி செய்வதுண்டு. வாக்கேஷாவில் இல்லாமல் போனவர்கள் அவர்கள்தான்.

வித்தியாசம் அரை சதவீதத்துக்கும் கீழே இருந்ததால் மாநிலம் முழுவதும் மறு எண்ணிக்கை நடந்தது. வாக்கேஷாவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மேற்பார்வையிட, சீட்டுப் பைகளின் முத்திரை குறித்து வாரக்கணக்கில் வாதம். முடிவு மாறவில்லை. பிராஸருக்கு ஏழாயிரம் ஓட்டு கூடுதல். மே 31-ல் க்ளோப்பன்பர்க் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

பின்னர் நடந்த விசாரணையில், குற்ற நோக்கம் இல்லை, ஆனால் அன்றிரவே எல்லாக் கணக்கையும் வெளியிட வேண்டும் என்ற விதி மீறப்பட்டது என்று தெரிந்தது. 2012 ஏப்ரல் தேர்தலிலும் வாக்கேஷா முடிவுகள் தாமதமாகவே வந்தன. நிக்கலஸ் அதன்பின் போட்டியிடவில்லை.