கற்பனைப் பணத்துக்குக்கூட வராத பங்கு

மகள் பி.காம். இரண்டாமாண்டு. இந்த செமஸ்டரில் 'முதலீட்டு அடிப்படைகள்' என்று ஒரு விருப்பப் பாடம் எடுத்திருக்கிறாள். சந்தோஷம்தான். ஷேர் என்று வாயைத் திறந்தாலே "குடும்பம் நடுத்தெருவுக்கு வந்துடும்" என்று பதில் வந்த வீட்டில் வளர்ந்தவன் நான். கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதிக் காலம் தள்ளுகிறவன். பிள்ளைக்காவது பணத்தின் சூட்சுமம் தெரியட்டும் என்று நானேதான் ஊக்கம் கொடுத்தேன். இப்போது அவள் நோட்டைப் புரட்டினால் பற்றிக்கொண்டு வருகிறது.

முதல் அலகிலேயே ஐம்பது-முப்பது-இருபது. சம்பளத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சேமிப்புக்கு. பின்னாளில் அமெரிக்க செனட்டரான எலிசபெத் வாரனும் அவருடைய மகளும் 2005-ல் எழுதிய புத்தகத்தால் பரவிய கணக்கு அது. அவர்கள் ஊரில் சரியாக வந்திருக்கும். இங்கே யார்டில் லாரி வந்தால்தான் லோடுமேனுக்குக் கூலி. காசிமேட்டில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த இரண்டு மாதம் எதில் ஐம்பது, எதில் முப்பது? ஆறு மாதச் செலவை 'அவசரகால நிதி'யாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் முதலீட்டில் இறங்க வேண்டுமாம். நல்ல யோசனை. ஒதுக்குகிற அளவுக்கு இருந்தால் இந்தத் தெருவில் ஏன் தண்டல்காரர் பைக் தினமும் நிற்கிறது?

அந்தத் தண்டலைப் பற்றி நோட்டில் ஒரு வார்த்தை கிடையாது. பத்தாயிரம் என்று எழுதிக்கொண்டு, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாயிரம் கையில் கொடுப்பார்கள். தினம் நூறு ரூபாய், நூறு நாள். கேட்பதற்கு ஏதோ பத்து சதவீதம் போலத்தான் இருக்கும். அசல் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள், வருஷத்துக்கு 77 சதவீதத்துக்கு மேல் வட்டி வரும். மியூச்சுவல் ஃபண்டில் 12 சதவீதம் கிடைத்தால் இருபது வருஷத்தில் எவ்வளவு ஆகும் என்று பக்கம் பக்கமாக அட்டவணை இருக்கிறது. தண்டலைக் கட்டி முடிப்பதைவிட லாபமான முதலீடு தலால் தெருவிலேயே கிடையாது என்று ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

மகளிடம் சொன்னேன். "நைனா, அதெல்லாம் சிலபஸ்ல இல்ல" என்றாள்.

சீட்டு மட்டும் சிலபஸில் இருக்கிறது, ஒரே வரியாக: 'அமைப்புசாராத, ஆபத்து மிகுந்த சேமிப்பு.' அவ்வளவுதான். 1982-லேயே மத்திய அரசு சீட்டு நிதிச் சட்டம் கொண்டுவந்துவிட்டது. பதிவு செய்த சீட்டு வேறு. அக்கம்பக்கத்தில் முகத்தை நம்பிப் போடுகிற ஏலச் சீட்டு வேறு. மாதம் 25, 30 சதவீதம் தருகிறேன் என்று சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் திரட்டி 2022-ல் சிக்கிய ஆருத்ரா கோல்டு முற்றிலும் வேறு, அது சீட்டே அல்ல. எது எதை நம்பலாம், எதைக் கண்டால் ஓட வேண்டும் என்று பிரித்துச் சொல்வதுதானே அடிப்படை? இருபது பேர், மாதம் ஐயாயிரம், லட்ச ரூபாய்ச் சீட்டு. மூன்றாம் மாதமே முப்பதாயிரம் தள்ளி எடுப்பவருக்கு எவ்வளவு நஷ்டம், கடைசி வரை காத்திருப்பவருக்கு எவ்வளவு லாபம் என்று என் வீட்டுக்காரி அடுப்பைப் பார்த்தபடியே சொல்வாள். அதே கணக்கு மூன்றாம் அலகில் ஐ.ஆர்.ஆர். (உள் வருவாய் விகிதம்) என்ற பெயரில் ஃபார்முலாவோடு உட்கார்ந்திருக்கிறது. உதாரணத்துக்கு மட்டும் எங்கேயோ இருக்கிற ஒரு டாலர் கம்பெனி.

அடுத்து அசைன்மென்ட். ஒரு லட்சம் ரூபாய் கற்பனைப் பணம், அதில் பங்குகள் வாங்கிக் காரணம் எழுத வேண்டும். ஆப்பிள், டெஸ்லா என்று ஆரம்பித்திருந்தாள். "ஏம்மா, நம்ம திருவொற்றியூர் ஹை ரோட்டையே ஒரு தடவை திரும்பிப் பாரேன்" என்றேன். 1946-ல் இதே திருவொற்றியூரில் ஒரு கொட்டகையில் பொம்மை பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளையின் எம்.ஆர்.எஃப். பங்கு ஒன்றின் விலை 2023 ஜூன் 13 அன்று ஒரு லட்சத்தைத் தாண்டியது. இந்தியாவில் வேறு எந்தப் பங்கும் அதற்கு முன் தொடாத விலை. கற்பனைப் பணம் முழுவதையும் கொட்டினாலும் பக்கத்துக் கம்பெனியின் ஒரு பங்கு வராது! ஏன் வராது, பங்கைப் பிரிப்பது என்றால் என்ன, இவர்கள் ஏன் பிரிக்கவில்லை, விலை அதிகமாக இருப்பதும் மதிப்பு அதிகமாக இருப்பதும் ஒன்றா என்று ஒரு வாரம் வகுப்பெடுக்கலாம். எண்ணூரில் அசோக் லேலண்டு, இந்தப் பக்கம் ஐஷர் மோட்டார்ஸின் என்ஃபீல்டு, மணலியில் மெட்ராஸ் ஃபெர்டிலைசர்ஸ், மணலி பெட்ரோகெமிக்கல்ஸ், சி.பி.சி.எல். என்று பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் சங்குச் சத்தத்தில் விடிகிற ஊர் இது. வகுப்பில் ஒன்றின் பெயர்கூட வருவதில்லை.

ஆண்டறிக்கையை வாசிக்கவாவது சொல்லித் தரலாம். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்கள் ஆயிரமும் 2022-23 முதல் தங்கள் ஆட்களின் எண்ணிக்கையை நிரந்தரம், நிரந்தரமல்லாதவர் என்று பிரித்து வெளியிட்டாக வேண்டும். கம்பெனி சட்டப்படி, இடைநிலை (மீடியன்) ஊழியர் சம்பளத்தைப்போல இயக்குநர் சம்பளம் எத்தனை மடங்கு என்றும் போட்டாக வேண்டும். என் மகளோடு படிக்கிற பிள்ளைகளில் பலரின் அப்பாக்கள் அந்த 'நிரந்தரமல்லாதவர்' கட்டத்துக்குள் ஓர் எண்ணாக இருக்கிறார்கள். தன் அப்பாவைத் தேடிக்கொண்டு போகிற பிள்ளை அந்த அறிக்கையை மறக்குமா?

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் வெள்ளம். எண்ணூர் ஆற்றில் எண்ணெய் படர்ந்தது. சி.பி.சி.எல். எண்ணெய் சுத்திகரிப்பு வளாகத்திலிருந்து வந்தது என்றது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மோசமாகப் பாதிக்கப்பட்ட மீனவக் குடும்பத்துக்கு அரசு கொடுத்தது 12,500 ரூபாய். அந்த நிதியாண்டுக்கு அந்த நிறுவனம் அறிவித்த ஈவுத்தொகை பங்குக்கு 55 ரூபாய். ஒரே ஒரு பங்கு வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்கலாம். 'பங்குதாரரின் உரிமைகள் யாவை?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி இருக்கிறது. மனப்பாடம் செய்து எழுதிவிடுவார்கள்.

'ஆபத்து இல்லாமல் லாபம் இல்லை' என்று கட்டம் கட்டி எழுதியிருக்கிறாள். எல்லாருக்கும் அப்படியா? 1856-ல் ராயபுரத்திலிருந்து ரயில் கிளம்பியதே, அதற்குப் பணம் போட்ட லண்டன் பங்குதாரர்களுக்கு வண்டி நஷ்டத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 5 சதவீதம் உத்தரவாதம், இங்கே வரி கட்டியவன் தலையில். பக்கத்திலேயே செகண்ட் லைன் பீச்சில் மெட்ராஸ் பங்குச் சந்தை இருந்தது. 2015-ல் மூடிவிட்டார்கள். இதெல்லாம் வரலாற்றுத் துறைக்காரர் பாடம் போலிருக்கிறது.

வகுப்பு சொல்லாததை டெலிகிராம் சொல்லிக்கொடுக்கிறது. டீக்கடையில் பையன்கள் கையில் ஆப்ஷன் சார்ட். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ (ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ்) வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் பணத்தை விட்டார்கள், தலைக்குச் சராசரியாக 2 லட்சம் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கிற செபியே சொல்லிவிட்டது. முப்பது வயதுக்குட்பட்டவர்களின் பங்கு ஒரே வருஷத்தில் 31-லிருந்து 43 சதவீதமாம். நோட்டில் இதற்கு 'டெரிவேடிவ்: பொருள், வகைகள்' என்று அரைப் பக்கம்.

பாடம் எடுக்கிற மேடத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, அதுவும் பதினோரு மாதத்துக்குத்தான், மே மாதம் கிடையாது. அவர்தான் போன வாரம் கரும்பலகையில் ஓய்வூதியத் திட்டமிடலை எழுதிப்போட்டு, இருபத்தைந்து வயதில் தொடங்கி ஒரு மாதம்கூட விடாமல் கட்டினால் அறுபதில் எத்தனை கோடி வரும் என்று கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "உங்களுது எவ்ளோ மேடம் வரும்?" என்று கடைசி பெஞ்சில் எவளோ கேட்டிருக்கிறாள். அந்த மேடம் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, அடுத்த அலகுக்குப் போய்விட்டாராம்.