வாகைன்னு கேட்டா எந்த வாகை?

தோட்டத்து வாசல்ல, களத்து மேட்டுல, கட்டுத்தரை ஓரத்துல ஒரு பெரிய நிழல் மரம் வேணும்ங்கிற எண்ணம் இப்போ நிறைய பேருக்கு வந்திருக்கு. நல்ல விஷயம். என்ன மரம்னு தேடும்போதுதான் வழி தவறுது. பிள்ளைகள் வெளிநாட்டுல இருக்கிற வீடுகள்ல மேப்பிள் மரம் வளருமான்னுகூடக் கேட்கிறாங்க. 1965-லிருந்து கனடா நாட்டுக் கொடியில இருக்கிற இலை அந்த மரத்தோடதுதான். அழகான மரம், மறுக்கலை. ஆனா குளிர்காலத்துல பல வாரம் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் அது ஒழுங்காகத் துளிர்விடும். சேலம், நாமக்கல் சமவெளியில மார்கழிப் பனிகூட அதுக்குப் போதாது. சித்திரை, வைகாசியில 40 டிகிரியை எட்டுற வெயிலைப் பத்திச் சொல்லவே வேண்டாம்.

நம்ம மண்ணுக்குன்னு பெரிய நிழல் மரங்கள் இருக்கு. வேம்பு, புங்கன், இலுப்பை, புளி எல்லாம் நமக்குத் தெரிஞ்சவை. நான் இங்கே பேச நினைக்கிறது வாகை. ஏன்னா அதுலதான் குழப்பம் அதிகம். போர்ல ஜெயிச்ச அரசர்கள் சூடிய பூ, புறப்பொருள்ல ஒரு திணைக்கே பேர் கொடுத்த மரம். இன்னிக்கும் தேர்தல்ல ஜெயிச்சா "வாகை சூடினார்"னு எழுதுறோம். ஆனா வாகை எதுன்னு காட்டச் சொன்னா, பத்துப் பேர்ல பாதிப் பேர் தூங்குமூஞ்சி மரத்தைக் காட்டுறாங்க.

வாகைங்கிற பேர்ல நம்ம பக்கம் குறைஞ்சது மூணு மரம் புழங்குது. தூங்குமூஞ்சி மரத்தையும் வாகைங்கிறாங்க. மஞ்சள் பூ பூக்கிற பெருங்கொன்றைக்கு இயல்வாகைன்னு பேர். இது போக வாகையோட நெருங்கிய சொந்தம் ஒண்ணு நம்ம கரட்டுல இருக்கு. அதுதான் உசிலை. அதன் இலையைத்தான் அரப்புன்னு தலைக்குத் தேய்ச்சுக் குளிக்கிறோம், அரப்பு மோர் கரைசலுக்கும் போடுறோம். நர்சரியில முழங்கால் உயரக் கன்னா நிக்கும்போது நாலும் இறகு மாதிரி இலையோட அண்ணன் தம்பி போலத்தான் தெரியும். வளர்ந்தப்புறம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இருக்காது.

அடையாளம் கஷ்டமில்லை. முதல்ல காயைப் பாருங்க. வாகைக் காய் தட்டையா, ஒரு சாண் நீளம், காகிதம் மாதிரி மெல்லிசா, காய்ஞ்ச வைக்கோல் நிறத்துல இருக்கும். இலை கொட்டின பிறகும் மரத்துலயே தொங்கி, காத்தடிச்சா சலசலன்னு சத்தம் போடும். தூங்குமூஞ்சிக் காய் தடிமனா, கறுப்பா, உள்ளே இனிப்பான சதையோட பிசுபிசுன்னு இருக்கும். ஆடு மாடு தேடித் தின்னும். இயல்வாகைக் காய் சின்னது, செம்பு நிறம். உசிலைக் காயும் தட்டைதான். ஆனா அதன் இலை ரொம்பப் பொடிசு, மரமும் அவ்வளவு உயரம் போகாது.

அடுத்தது பூ. வாகைப் பூ வெளிறின பச்சையும் மஞ்சளும் கலந்த குஞ்சம். நல்ல வாசனை இருக்கும். தூங்குமூஞ்சிப் பூ இளஞ்சிவப்புக் குஞ்சம். இயல்வாகை பளிச்சுன்னு மஞ்சளாக் கொத்துக் கொத்தாப் பூக்கும். பூவும் காயும் இல்லாத கன்னுல சிற்றிலையைப் பாருங்க. வாகையோட சிற்றிலை ஒரு அங்குல நீளம், நுனி மழுங்கி இருக்கும். தூங்குமூஞ்சியில சாய்ந்த கட்டம் மாதிரி கோணலா இருக்கும், நுனிப் பக்கம் போகப் போகப் பெருசாகும். இயல்வாகையில சிற்றிலை பொடிசு. இளந்தளிர்ல துரு நிறத்துல பூனைமுடி தெரியும்.

இதுல என்ன இருக்கு, எல்லாம் நிழல்தானேன்னு கேட்கலாம். இருக்குங்க. தூங்குமூஞ்சி தென்னமெரிக்கா, மத்திய அமெரிக்காப் பக்கத்து மரம். 19-ஆம் நூற்றாண்டுல இங்கே வந்தது. சீக்கிரம் வளரும், குடை மாதிரி 60, 70 அடி அகலத்துக்குப் படரும். சந்தைப்பேட்டைக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்கும் அருமையான மரம். ஆனா கிளை பலம் கம்மி. கோடை மழைக்கு முன்னாடி வர்ற சூறைக்காத்துல முறிஞ்சு விழும். ரெண்டு ஏக்கர் வச்சிருக்கிறவர் அதை மாட்டுக்கொட்டாய்க்கு மேல வளர்த்தா, 20 வருஷம் கழிச்சு வெட்டத்தான் வேண்டியிருக்கும். ஒரு தலைமுறை நிழல் அதோட போச்சு.

வாகை நாட்டு மரம். வறட்சி தாங்கும், வருஷத்துக்கு 700 மி.மீ. மழை பெய்யற நாமக்கல் பூமிக்கு அது போதும். தை, மாசியில இலை கொட்டும், பங்குனியில துளிர்க்கும், சித்திரை வெயிலுக்கு நிழல் தயாரா இருக்கும். வேர் முடிச்சுல தழைச்சத்தை நிலைநிறுத்தும். இலை ஆட்டுக்குத் தீவனம், கொட்டினது மண்ணுக்கு மூடாக்கு. நிழலும் அடர்த்தியில்லாம வெயில் சல்லடை மாதிரி இறங்கும்.

"மரம் வச்சா வெள்ளாமை அடிபடும்"ங்கிற பேச்சுல நியாயம் இல்லாமல் இல்லை. அதனாலதான் இடம் முக்கியம். கட்டுத்தரைக்கு மேற்கே வச்சா சாயங்கால வெயிலை மறைக்கும். வடக்குப் பொழியில வச்சா உங்க பயிருக்குத் தொந்தரவு குறைவு. ஆனா தை மாசம் சூரியன் தெற்கே சாய்ஞ்சிருக்கும்போது நிழல் பக்கத்துத் தோட்டத்துல விழும். அவரை ஒரு வார்த்தை கேட்டுட்டு நடுங்க. கிணறு, வீடு, மின்கம்பியிலிருந்து 30 அடியாவது தள்ளி இருக்கட்டும்.

நடுறதும் சுலபம். கொதிக்க வச்சு இறக்கின தண்ணியில விதையைப் போட்டு, ராத்திரி முழுக்க ஊற வச்சு விதைச்சா நல்லா முளைக்கும். மூணடிக் குழி, மேல்மண், மக்கின தொழுவுரம், ஆடி ஆவணி ஈரத்துல நடவு. முதல் ரெண்டு கோடைக்குத் தண்ணி, ஆடு கடிக்காம முள்வேலி. பக்கக் கிளையை வருஷா வருஷம் கொஞ்சமா கழிச்சு, ஆள் நிமிர்ந்து நடக்க பத்தடிக்குத் தண்டு விடணும்.

பேங்குல இருந்த காலத்துல தோட்டத்துக்கு மதிப்புப் போடப் போவோம். கிணறு, மோட்டார், தென்னை எல்லாத்தையும் எண்ணி எழுதுவோம். நிழலை எழுத அந்தப் படிவத்துல இடமே கிடையாது. ஆனா மரவள்ளிக் காட்டுல களை வெட்டுறவங்க உச்சி வேளையில எங்கே உட்கார்ந்து சோறு தின்கிறாங்க? நாலு வழிச்சாலை வந்தபோது ரோட்டோரப் புளியமரங்களும் போயிருச்சு. அவங்களுக்கு இப்போ இருக்கிற நிழல் நம்ம தோட்டத்து நிழல்தான்.

தமிழ்நாட்டுல வனப் பரப்பையும் மரப் பரப்பையும் 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக்கணும்னு 2022 செப்டம்பர்ல பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கினாங்க. நல்ல இலக்கு. ஆனா கன்னு எத்தனைங்கிற கணக்கு மட்டும் போதாது. என்ன கன்னு, எந்தத் தாய்மரத்து விதைங்கிற கணக்கும் வேணும். விற்கிற கன்னுல சரியான பேர் எழுதின அட்டை இருக்கணும்னு நாம கேட்கணும்.

அதைவிட முக்கியம், விதை நம்ம கையில இருக்கணும். நெல் ஜெயராமன் ஊர் ஊராத் தேடி 170-க்கும் மேற்பட்ட பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டார். நெல்லுக்குச் செஞ்சதை நிழல் மரத்துக்கும் செய்யலாம். ஒவ்வொரு ஊர்க் குழுவும் தங்கள் எல்லைக்குள்ள நல்ல வாகை ரெண்டு மூணைத் தாய்மரமாக் குறிச்சு வைக்கட்டும். தை, மாசியில மரம் மொட்டையா நிக்கும்போது காய் சத்தமே அதைக் காட்டிக் கொடுக்கும். விதை பொறுக்கி வச்சு ஆளுக்குப் பத்துக் கன்னு வளர்த்தா, ஆடிப் பட்டத்துக்கு ஊருக்கே போதும். அடுத்த ஊர்க்காரங்களுக்கும் கொடுக்கலாம்.