செத்த ஆந்தை சொன்ன சாட்சி: எக்ஸ்ரே பிடித்த 'லேபிள்' மோசடி

சேவூர் பக்கம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவரிடம் ஒரு பீஸைக் கொடுங்கள். பிரித்து மறுபடி தைத்ததா என்பதைத் தையலை வைத்தே சொல்லிவிடுவார். ஓர் ஆந்தையிடமும் இதே செக்கிங் நடந்தது தெரியுமா?

எந்த ஆந்தை?

மத்திய இந்தியாவின் காட்டுச் சிற்றாந்தை. காங்கிரஸைத் தொடங்கிய அதே ஏ.ஓ.ஹியூம்தான் 1873-ல் இதற்குப் பெயர் வைத்தார். அருங்காட்சியகங்களில் இருந்தவை மொத்தமே ஏழு பாடம் செய்த பறவைகள். 1884-க்குப் பிறகு ஆளையே காணோம். ஒன்றில் மட்டும் '1914, குஜராத்' என்று லேபிள். சேகரித்ததாகச் சொன்னவர், பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன்.

என்ன சிக்கல்?

பறவையியலாளர் பமீலா ராஸ்முசெனுக்கு அந்த லேபிள் மேல் சந்தேகம். அறுத்துப் பார்க்க முடியாது, இருப்பதே ஏழு. எக்ஸ்ரே எடுத்தார்கள். உள்ளே தெரிந்தது, 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் பாடம் செய்த பாணி. அதாவது, லண்டன் அருங்காட்சியகத்தின் பறவையையே திருடி, பிரித்து மறுபடி அடைத்து, புது லேபிள் ஒட்டியிருக்கிறார்கள்! ராஸ்முசெனும் நைஜல் காலரும் 1999-ல் இதை ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதனால் என்ன லாபம்?

பொய் லேபிளை ஒதுக்கிவிட்டு, பழைய உண்மையான இடங்களில் தேடினார்கள். 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் ஷஹாதா அருகே ஆந்தை உயிரோடு உட்கார்ந்திருந்தது. 113 வருஷம் கழித்து!

இன்று எக்ஸ்ரேயைத் தாண்டி சி.டி. ஸ்கேன் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் டோடோ பறவையின் தலையை வார்விக் பல்கலைக்கழகம் ஸ்கேன் செய்தது. பின்மண்டையில் ஈயக் குண்டுகள் இருந்ததை 2018-ல் அறிவித்தார்கள். லண்டனில் காட்சிக்கு வைத்திருந்த பறவை அது, இயற்கையாகச் செத்திருக்கும் என்பதுதான் அதுவரை இருந்த நம்பிக்கை.

நமக்கு என்ன?

எழும்பூர், மும்பை, கொல்கத்தா என நம்மிடமும் பழைய பறவைத் தொகுப்புகள் இருக்கின்றன. பூச்சி அரித்தால் போனது போனதுதான். ஸ்கேன் செய்து பொதுவில் வைத்தால், எந்த ஊர் மாணவரும் போனிலேயே ஆராயலாம். 'செத்த பறவைக்கு எதற்குச் செலவு' என்று கேட்பவர்களுக்குப் பதில் ஷஹாதாவில் இருக்கிறது. லேபிள் தப்பாக இருந்தால் தப்பான காட்டில் தேடுவோம். காப்பாற்ற வேண்டிய காட்டைக் கோட்டை விடுவோம். அந்த ஆந்தை இன்னமும் அழியும் ஆபத்தில்தான் இருக்கிறது. அரசு இந்தச் செலவைத் தள்ளிப்போடக் கூடாது.