வக்கீல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் உங்கள் ரகசியம்: பூட்டு இருக்கா?

விவாகரத்து மனு, சொத்துப் பத்திரம், ஆதார் நகல்... இப்போதெல்லாம் கட்சிக்காரர்கள் இவற்றை வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில்தான் அனுப்புகிறார்கள். ஜூனியர் அதை பென்டிரைவில் போட்டு, கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் பிரின்ட் எடுக்கிறார். கடை கம்ப்யூட்டரில் அந்த ஃபைல் அப்படியே கிடக்கும். யாரும் கண்டுக்கறதில்லை.

கட்சிக்காரர் சொன்னதை வக்கீல் வெளியே சொல்லக் கூடாது என்பது 1872-ம் ஆண்டு சாட்சியச் சட்டத்திலேயே இருந்த விதி. இன்றைய பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 132-வது பிரிவு. வாயைப் பூட்டினால் மட்டும் போதுமா? லேப்டாப்பையும் பூட்ட வேண்டாமா?

2023-ம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சட்ட உரிமையை நிலைநாட்டத் தேவைப்படும் தரவுகளுக்குப் பல விலக்குகளைத் தருகிறது. ஆனால், அந்தத் தரவைப் பத்திரமாக வைத்திருக்கும் கடமைக்கு விலக்கே கிடையாது. தவறினால் அபராதம் ரூ.250 கோடி வரை போகலாம்.

‘சின்ன ஆபீஸ், ஐ.டி. ஆள் வைக்க வசதியில்லை’ என்ற சமாதானம் எடுபடாது. வாட்ஸ்அப்புக்கும் இ-மெயிலுக்கும் டூ-ஸ்டெப் வெரிஃபிகேஷன் போடுவது, பிரின்ட் எடுத்ததும் கடை கம்ப்யூட்டரில் ஃபைலை அழிப்பது, ஜூனியர் விலகினால் அன்றே பாஸ்வேர்டை மாற்றுவது... எதற்கும் பைசா செலவில்லை.

ஃபைல் கசிந்தால் சந்தி சிரிப்பது வக்கீலின் குடும்பம் இல்லை. அவரை நம்பி வந்தவரின் குடும்பம்.