இடைவெளி கூடினால் இழுவை கூடுமா?

ஸ்பார்க் பிளக்கின் இடைவெளியை விரித்தால் பொறி பெரிதாகும், பொறி பெரிதானால் இழுவை கூடும் என்கிறார் நண்பர். டர்போ இல்லாத எஞ்சினில் இது பாதி உண்மை. டர்போ எஞ்சினில் கால்வாசிகூடத் தேறாது.

வாயுவின் அழுத்தமும் இடைவெளியும் கூடக்கூட, பொறி தாவ அதிக மின்னழுத்தம் வேண்டும். இதை 1889-லேயே இயற்பியலாளர் ஃபிரீட்ரிக் பாஷன் சொல்லிவிட்டார். டர்போவின் வேலையே சிலிண்டருக்குள் காற்றைத் திணிப்பதுதான். அங்கே 1.1 மில்லிமீட்டர் இடைவெளி வைத்தால் இக்னிஷன் காயில் திணறும். வாசலில் நிற்கும்போது எஞ்சின் பூனைபோல் உறுமும். மேடேறும்போது முழுதாக மிதித்தால் வெட்டி வெட்டி இழுக்கும். ஐடிலிங்கில் சோதித்துவிட்டுத் தீர்ப்பெழுதினால் இப்படித்தான். பல டர்போ எஞ்சின்களுக்கு 0.7, 0.8 மில்லிமீட்டர் என்று குறிப்பது கஞ்சத்தனத்தால் அல்ல.

"பிளக்கின் வெப்ப எண் எவ்வளவு பெரிதோ அவ்வளவு குளிர்ந்த பிளக்" என்பது அவருடைய அடுத்த பிழை. என்ஜிகே நிறுவனத்தின் பிளக்குகளில் சரி, பாஷ் நிறுவனத்தின் பிளக்குகளில் நேர்த்தலைகீழ். மேலும், குளிர்ந்த பிளக் எரிதலைக் குளிர்விப்பதில்லை. தன் முனையின் சூட்டை வேகமாகக் கடத்துகிறது, அவ்வளவே. ஊருக்குள் மட்டும் ஓடும் காரில் அளவுக்கு மீறிக் குளிர்ந்ததைப் போட்டால் கரிதான் படியும்.

இரிடியம் பிளக்கை அளக்கவே வேண்டாம் என்பதையும் ஏற்க முடியாது. பெட்டியில் வருவது உங்கள் எஞ்சினுக்கான அளவாக இருக்கவேண்டும் என்பதில்லை. கம்பி கேஜால் அளந்து பாருங்கள். ஆனால் நடுமுனையில் நெம்பாதீர்கள், உடைந்துவிடும்.