இரவு வானம் எங்களுக்கும் வேண்டும்

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் எடுப்பது என்ற பேச்சு எங்கள் வீடுகளில் தொடங்கிவிட்டது. டாக்டராக விரும்புகிறோம் என்றால் பெற்றோர் மகிழ்கின்றனர். ஆசிரியை என்றாலும் சரியே. வானியல் என்றால் மட்டும், "இராத்திரியில் கண் விழிக்கும் வேலை பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்கின்றனர். அதற்கு எங்கள் பதிலைப் பணிவுடன் இங்கே எழுதுகிறோம்.

மதுரையில் வாழும் எங்களுக்குச் சூடும் தூசும் புதியவை அல்ல. அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் கறுப்பாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அருகில் கையைக் கொண்டுபோனால் சுடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களே அந்தச் சூட்டைக் கொண்டு வருகின்றன. இளம் விண்மீனைச் சுற்றித் தட்டுப்போல் பரந்திருக்கும் தூசும் அப்படித்தான். விண்மீனின் ஒளியால் சூடேறி அகச்சிவப்புக் கதிர்களை வீசுகிறது. அத்தகைய தூசு திரண்டே கோள்கள் பிறக்கின்றன. நம் பூமியும் சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன் அவ்வாறு பிறந்ததே.

பீட்டா பிக்டோரிஸ் என்ற விண்மீன் எதிர்பார்த்ததைவிட மிகுதியான அகச்சிவப்புக் கதிர்களை வீசுவதை 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் கண்டது. மறு ஆண்டே ஸ்மித், டெரில் என்னும் இருவர் சிலி நாட்டிலிருந்து, விண்மீனின் ஒளியை மறைத்துவிட்டு அதன் தூசுத் தட்டைப் படம் பிடித்தனர். அத்தட்டினுள் ஒரு கோள் இருப்பதாக அகச்சிவப்புப் படத்தைக் கொண்டு 2008இல் அறிவித்த குழுவின் தலைவர் யார் தெரியுமா? ஆன் மரி லக்ராஞ்ச் என்னும் பிரெஞ்சுப் பெண்மணி! 2010இல் அது உறுதியாயிற்று.

அவர் வெளிநாட்டவர் என்று சொல்லலாம். ஆனால் பாலக்காட்டில் கல்லூரியில் படித்த அன்னபூரணி சுப்பிரமணியம் 2019இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் இயக்குநரானார். கொடைக்கானல், காவலூர், லடாக்கிலுள்ள ஹான்லே ஆகிய இடங்களின் வானாய்வுக் கூடங்கள் அந்நிறுவனத்தைச் சேர்ந்தவையே.

இரவு வேலைதான் தடையா? டாக்டருக்கும் நர்சுக்கும் இராத்திரி டியூட்டி உண்டே! அதை யாரும் குறை கூறுவதில்லை. மேலும், 2021இல் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் அகச்சிவப்புப் படங்களைப் பகலில் மேசைமுன் அமர்ந்தே ஆராயலாம்.

கொடைக்கானலுக்குச் சுற்றுலா செல்லும்போது ஏரியில் படகு விடுவதோடு நில்லாமல், 1899இல் தோன்றிய அந்த வானாய்வுக் கூடத்தையும் எங்களுக்குக் காட்டுங்கள் என்று அருட்சகோதரியரை வேண்டுகிறோம்.

தாய்மார்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிப்ரவரி மாதத்தில் இரவு எட்டு மணிக்கு மொட்டை மாடியில் தெற்கு நோக்கி நில்லுங்கள். பளிச்சென்று தெரிவது அகத்திய நட்சத்திரம். அதற்கு வலப்புறம் சற்றுத் தள்ளி, தெரு விளக்கு இல்லாத இடத்தில் மங்கலாகத் தெரிவதே பீட்டா பிக்டோரிஸ். லண்டன் வானில் அது உதிப்பதே இல்லை. மதுரை வானில் உதிக்கிறது. எங்களோடு அதை ஒருமுறை பாருங்கள். குரூப் பற்றிய பேச்சை அதன் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

— பத்தாம் வகுப்பு மாணவி